ஒரு சிப்பியும் நோவாவின் பேழையும்

வாசகர் கேள்வி

ஐயா, பதினாறு ஆண்டுகளாக எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். மகன் கல்லூரியில் நிலவியல் படிக்கிறான். சென்ற மாதம் அரியலூர்ப் பக்கம் களப்பயணம் போனவன், கல்லாகிப்போன சிப்பி ஒன்றைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தான். அதே வாரம் எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசிய பிரசங்கியார், மேட்டு நிலத்தில் கிடைக்கும் சிப்பிகளே நோவா காலத்து ஜலப்பிரளயத்துக்குச் சாட்சி என்றார். எல்லா நாட்டிலும் பிரளயக் கதை இருப்பதும் சான்றுதான் என்றார். அரராத்தில் பேழை கிடைத்துவிட்டதாகப் படமும் காட்டினார். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் என் கணவர் அந்தச் சிப்பியைக் கையில் எடுத்து, "நீ கொண்டுவந்ததே சாட்சி" என்று மகனிடம் சொன்னார். "அப்பா, பிரளயம் வரவில்லை என்பதற்குத்தான் இது சாட்சி" என்றான் அவன். மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சில்லை. வரும் மாதம் எனக்கு வந்திருக்கும் பாடம் நோவாவின் பேழை. பிரளயம் உண்மையில் நடந்ததா? பிள்ளைகளிடம் என்ன சொல்வேன்? வீட்டில் என்ன சொல்வேன்? சிப்பியின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துப் பேசினால், பதினாறு ஆண்டுகள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வசனம் சொல்லிக்கொடுத்த உங்களை நான் மதிக்கவில்லை என்றாகிவிடும். ஆதியாகமம் 6 முதல் 9 வரையுள்ள அதிகாரங்கள் சொல்கிறபடி மலைகளெல்லாம் மூழ்க உலகம் முழுவதையும் மூடிய வெள்ளம், மனிதர் இந்தப் பூமியில் வாழத் தொடங்கிய பிறகு வந்ததில்லை. முப்பது ஆண்டுகளாக இறையியல் மாணவர்களுக்குப் பழைய ஏற்பாடும் எபிரெயமும் கற்பித்துவருபவன், ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில் உட்காருகிறவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். அந்தக் கதைக்கு அடியில் நிஜமான ஆறுகளும் நிஜமான சேறும் உண்டு. இஸ்ரவேலர் அந்தக் கதையைத் தங்கள் வாயால் மறுபடி சொன்னதற்கு வலுவான காரணமும் உண்டு. அந்தக் காரணத்தைத்தான் நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் சிப்பியைப் பார்ப்போம். வீட்டில் சண்டை அதிலிருந்துதானே தொடங்கியது.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம், சிப்பியின் உட்பக்கம். அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழிவான பகுதியில் நூல் கனத்தில், வளைந்து வளைந்து, வெள்ளையாக ஒரு குழாய் ஒட்டியிருக்கிறது. அது கடற்புழு ஒன்று கட்டிய கூடு. சற்று மேலே ஓரமாகக் குண்டூசியால் குத்தியதுபோலச் சிறு துளைகள் கூட்டமாகத் தெரிகின்றன. அவை ஓட்டைத் துளைத்து உள்ளே வாழும் கடற்பஞ்சின் வேலை. இரண்டும் உட்பக்கத்தில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். சிப்பி உயிரோடு இருக்கும்வரை அங்கே சதை இருக்கும், வேறோர் உயிர் குடியேற இடமில்லை. ஆக, இந்தச் சிப்பி செத்து, ஓடுகள் பிரிந்து, சதை அழுகிப் போய், வெற்றோடாகக் கடலடியில் கிடந்திருக்கிறது. அதன்மேல் புழு வந்து ஒட்டிக் கூடு கட்டி வளர்ந்திருக்கிறது. கடற்பஞ்சு தன் துளைகளைப் போட்டிருக்கிறது. இவ்வளவும் நடந்த பிறகே சேறு வந்து அதை மூடியது. உலகத்தையே புரட்டிப்போட்ட வெள்ளம் ஒன்று வாரி எடுத்துக் குவித்த சிப்பியாக இருந்தால், அந்தப் புழுவுக்கு நிதானமாகக் கூடு கட்ட நேரம் ஏது?

இளம் போதகனாக இருந்த காலத்தில், மேட்டில் கிடக்கும் சிப்பியைச் சாட்சி என்று நானும் பிரசங்கித்திருக்கிறேன். ஆராதனை முடிந்ததும், சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் மேற்பார்வையாளராக வேலைபார்த்த சபை மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, ஒருநாள் என்னோடு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அரியலூருக்குப் பக்கத்தில் வெட்டிய குழியில் இறக்கி, சுவரைக் காட்டினார். கீழே சிப்பிகள் நெருக்கமாகப் படிந்த ஒரு படுகை. அதற்கு மேல் மணல் கலந்த படுகை, அதில் நண்டு போன்றவை குடைந்த வளைகள் அப்படியே கல்லாகியிருந்தன. அதற்கும் மேலே மறுபடி சிப்பிப் படுகை. பெரிய சிப்பியின் முதுகில் சிறிய சிப்பி ஒட்டியிருந்தது, அதன் முதுகில் இன்னொன்று. "இது ஒரு வருஷத்து வேலையா ஐயா?" என்று கேட்டார். நோவாவின் 600ஆம் வயதில் இரண்டாம் மாதம் 17ஆம் தேதி தொடங்கிய பிரளயம், 601ஆம் வயதில் இரண்டாம் மாதம் 27ஆம் தேதி பூமி காய்ந்ததோடு முடிகிறது. ஓராண்டும் பத்து நாளும். அந்தச் சுவரின் முன்னால் நின்று என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தச் சுண்ணாம்புப் பாறைக்குச் சுமார் 7 கோடி ஆண்டு வயது. அப்போது அங்கே கடல் இருந்தது உண்மை. இந்திய நிலம் தென்கண்டங்களிலிருந்து பிரிந்தபோது உண்டான பள்ளத்தில் கடல் ஏறி வந்து, பல கோடி ஆண்டுகள் தங்கி, பின்வாங்கியது. அந்தப் படுகைகளில் டைனோசர் எலும்பு உண்டு. மனித எலும்போ, ஆட்டெலும்போ, மாட்டெலும்போ ஒன்றுகூட இல்லை. உங்கள் கணவர் அங்கே கடல் இருந்தது என்கிறார், மகன் அது பிரளயம் இல்லை என்கிறான். இரண்டும் சரிதான் என்று இருவரிடமும் சொல்லுங்கள்.

"விஞ்ஞானிகள் கடவுளை மறுக்க இப்படிச் சொல்கிறார்கள்" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆக்ஸ்போர்டில் நிலவியல் கற்பித்த வில்லியம் பக்லண்ட் ஆங்கிலிக்கன் குருவானவர். குகைகளிலும் சரளைப் படிவுகளிலும் பிரளயத்தின் தடயம் இருக்கிறது என்று 1823இல் பெரிய நூலே எழுதினார். கேம்பிரிட்ஜில் கற்பித்த ஆடம் செட்ஜ்விக்கும் குருவானவர்தான், அவரும் அப்படியே நம்பினார். ஊர் ஊராக நடந்து, பாறை பாறையாகத் தட்டிப் பார்த்தபின், 1831இல் லண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக இருந்த செட்ஜ்விக், தான் சொன்னது தவறு என்று சபையறிய அறிவித்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் பக்லண்டும் மாறினார், அந்தச் சரளையெல்லாம் பனியாறுகள் கொண்டுவந்தவை என்று ஏற்றுக்கொண்டார். டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். அதற்கு 28 ஆண்டுகள் முன்பே, வேதத்தை நேசித்த மனிதர்கள் தங்கள் கண்ணால் கண்டதை மறைக்க மனமில்லாமல் இந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். செட்ஜ்விக் தன் ஊழியத்தை விடவில்லை, கடைசிவரை குருவானவராகவே இருந்தார்.

தண்ணீர்க் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று வானத்தில் இருக்கும் ஈரம் முழுவதும் ஒரே நேரத்தில் மழையாகக் கொட்டினாலும் உலகெங்கும் சராசரியாக 25 மில்லிமீட்டர்தான் நிற்கும். எவரெஸ்ட் மூழ்க வேண்டுமானால், இப்போதைய கடல்களில் உள்ள நீரைப்போல இன்னும் மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும். காலக் கணக்கும் ஒத்துவரவில்லை. வேதாகம வம்சவரலாறுகளைக் கூட்டி 1650இல் பேராயர் ஜேம்ஸ் அஷர் பிரளயத்துக்குக் குறித்த ஆண்டு கி.மு. 2348. ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான் எகிப்தில் உனாஸ் என்ற மன்னன் தன் பிரமிடின் உட்சுவர் முழுக்க எழுத்துகளைச் செதுக்கிக்கொண்டிருந்தான். சிந்துவெளியில் ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் செழித்திருந்தன. இரண்டு நாட்டிலும் வாழ்க்கை அறுபடாமல் தொடர்ந்தது.

கதை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் வேலை சார்ந்த விஷயம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் பண நோட்டு அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழில் கற்ற ஏழை இளைஞர். மதிய உணவு வேளையில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடிப்போய், நினிவேயிலிருந்து வந்த களிமண் பலகைகளின் ஆப்பெழுத்தைத் தாமாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். அவை அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் நூலகத்துப் பலகைகள், கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1872இல் அவர் கையில் ஒரு உடைந்த பலகை கிடைத்தது. சுமார் 15 சென்டிமீட்டர் உயரம், விரித்த உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு கப்பல் மலைமேல் தங்கியதையும், ஒரு புறாவை வெளியே விட்டதையும், அது காலூன்ற இடமில்லாமல் திரும்பி வந்ததையும் படித்தார். அந்த வருடம் டிசம்பர் 3ஆம் தேதி அதை அவர் வாசித்துக் காட்டியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பிரதமர் கிளாட்ஸ்டனும் ஒருவர். அடுத்த ஆண்டு நினிவேக்கே போய் மேலும் ஒரு பிரளயத் துண்டைக் கண்டெடுத்தார். 1876இல், 36 வயதில், அலெப்போவில் நோயுற்று இறந்துபோனார்.

அந்தப் பலகை, பாபிலோனியரின் பழைய கில்காமேஷ் காவியத்தின் பதினோராவது பலகை. அதில் பேழை கட்டியவன் பெயர் உத்னபிஷ்டிம். அவன் முதலில் புறாவை விடுகிறான், அது திரும்பிவருகிறது. பிறகு தகைவிலான் குருவியை விடுகிறான், அதுவும் திரும்புகிறது. கடைசியில் காகத்தை விடுகிறான், அது திரும்பவில்லை. ஆதியாகமத்தில் முதலில் போவது காகம், பிறகு மூன்று முறை புறா. பிரளயக் கதை எந்த நாட்டிலும் பிறக்கலாம், ஆற்றோரத்தில் வாழும் மனிதருக்கு வெள்ளம் தெரியாமலா இருக்கும்? தண்ணீர் வடிந்ததா என்று பறவைகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பதும், இறங்கியவுடன் பலி இடுவதும், அதன் வாசனையை வானத்திலுள்ளவர் முகர்வதும் இரண்டு இடத்தில் தனித்தனியே பிறந்திருக்க முடியாது. இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஒரு சொல்லே அகப்படுகிறது. பேழைக்கு உள்ளும் புறமும் "கீல் பூசு" என்று ஆதியாகமம் 6:14 சொல்லும் இடத்தில், கீலுக்கு எபிரெயத்தில் நிற்கும் சொல் "கோஃபெர்". கீல் என்ற பொருளில் அந்தச் சொல் எபிரெய வேதாகமம் முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. பாபிலோனியர் கதையில் அதே வேலைக்கு வரும் சொல் "குப்ரு". படகுக்குப் பூசிய தார், கதையோடு சேர்ந்து மொழியிலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

கில்காமேஷைவிடப் பழைய வடிவம் அத்ராஹசிஸ் காவியம். அதன் பலகைகள் கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சுமேரிய மொழியில் சியுசுத்ரா என்பவனின் பிரளயக் கதை நிப்பூரில் கிடைத்தது. மோசேக்கும் முந்திய காலத்திலேயே யூப்ரடீஸ், டைகிரீஸ் ஆறுகளின் சமவெளியில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. கில்காமேஷ் காவியத்தின் துண்டு ஒன்று கானான் தேசத்து மெகிதோவிலேயே கிடைத்திருக்கிறது. எருசலேம் வீழ்ந்தபின் யூதர்கள் பாபிலோனுக்கே சிறைப்பட்டுப் போனார்கள். அந்த ஆறுகளின் அருகே உட்கார்ந்து அழுதார்கள் என்று சங்கீதம் சொல்கிறது. அழுத இடத்திலேயே இந்தக் கதையையும் அவர்கள் மறுபடி கேட்டிருப்பார்கள்.

சேறும் கிடைத்தது. 1929இல், ஆபிரகாமின் பட்டணமாகிய ஊர் என்ற இடத்தில் லியோனார்ட் வூலி அகழ்ந்துகொண்டிருந்தார். குழியில் இறங்கிய வேலையாள், பானை ஓடுகள் நின்றுபோய்ச் சுத்தமான களிமண் வந்துவிட்டது, அடிமண் இதுதான் என்றான். மட்டத்தை அளந்து பார்த்த வூலிக்கு அது சரியாகப் படவில்லை, இன்னும் தோண்டு என்றார். எட்டு அடி வெறும் வண்டல். அதற்குக் கீழே மறுபடி பானை ஓடுகளும் சிக்கிமுக்கிக் கருவிகளும் வந்தன! இதற்கு என்ன பொருள் என்று உடனிருந்தவர்கள் விழித்துக்கொண்டிருக்க, அந்த வழியே வந்த அவர் மனைவி காத்தரின், "இதென்ன, பிரளயம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். செய்தித்தாள்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அந்த ஊரிலேயே தோண்டிய எல்லாக் குழிகளிலும் அந்த வண்டல் இல்லை. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள எரிதுவில் அப்படி ஒரு படிவே இல்லை. உத்னபிஷ்டிமின் ஊராகக் காவியம் சொல்லும் ஷூருப்பாக்கில் சுமார் இரண்டடி வெள்ளப் படிவு கிடைத்தது, அதன் காலம் கி.மு. 2900ஐ ஒட்டியது. வூலி கண்ட ஊர்ப் பட்டணத்துப் படிவு அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. வெவ்வேறு காலத்தில் வந்த வெவ்வேறு ஆற்று வெள்ளங்கள் இவை.

அந்த நிலத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். பாக்தாத் கடலிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்தாலும் அதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 34 மீட்டர்தான். மேசைபோல் கிடக்கும் நிலம். வடக்கே அனத்தோலிய மலைகளில் பனி உருகி யூப்ரடீசும் டைகிரீசும் பொங்குவது இளவேனிலில், சரியாகக் கதிர் முற்றி அறுப்பு நெருங்கும் சமயத்தில். 1954 மார்ச் மாதத்திலும் டைகிரீஸ் பாக்தாத்தை மிரட்டியது. கரை உடைந்தால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தண்ணீர், ஏற ஒரு குன்றுகூட இல்லை. அப்படி ஒரு நாளில் கீல் பூசிய பரிசலில் ஆடுமாடுகளோடு தப்பிய ஒரு குடும்பத்துக்கு, உலகமே மூழ்கியது என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அவர்கள் அறிந்த உலகம் மூழ்கித்தான் போனது.

சில போதகர்கள், எபிரெயத்தில் "எரெட்ஸ்" என்பதற்குத் தேசம் என்றும் பொருள் உண்டு, ஆகையால் ஆதியாகமம் சொல்வதே ஒரு தேசத்து வெள்ளம்தான் என்று விளக்குவார்கள். சொல்லுக்கு அப்படிப் பொருள் உண்டு, உண்மைதான். ஆனாலும் வானத்தின்கீழுள்ள உயர்ந்த மலைகளெல்லாம் மூடப்பட்டன என்று 7:19 சொல்லும்போது, எழுதியவர் மனதில் இருந்தது முழு உலகம் என்றே எனக்குப் படுகிறது. அவர் எழுதியதைச் சுருக்கி நம் கணக்கோடு பொருத்திவிட எனக்கு மனம் வரவில்லை.

அரராத் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேதம் சொல்வது "அரராத் என்னும் மலைகள்", பன்மையில். அது உரார்த்து என்ற பழைய நாட்டின் பெயர். 1959இல் துருக்கி ராணுவத்தின் வான்படத்தில் தெரிந்த படகு வடிவ மேட்டைத்தான் பெரும்பாலும் பேழை என்று காட்டுகிறார்கள், போய்ப் பார்த்த நிலவியலாளர்கள் அது இயற்கையாக அமைந்த மண்பாறை மேடு என்றார்கள். 1955இல் ஒருவர் அரராத் மலையிலிருந்து எடுத்துவந்த மரத்துண்டைக் கார்பன் முறையில் சோதித்தபோது, அது கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்று தெரிந்தது. இந்தப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். பதினெட்டு வயதில் அவர்களே தேடிப் பார்த்து உண்மை தெரிந்துகொள்ளும்போது, நீங்கள் சொன்ன மற்றவற்றையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். எத்தனையோ பிள்ளைகளிடம் இதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

எல்லா நாட்டிலும் பிரளயக் கதை உண்டு என்பதும் அப்படித்தான். சதபத பிராமணத்தில் மனுவை மீன் காப்பாற்றுகிறது, அவன் தனியாகவே பிழைக்கிறான். நம் கடல்கோள் மரபில் பேழையே இல்லை, நிலமும் சங்கமும் நூல்களும் போகின்றன. ஒவ்வொரு மக்களும் தாங்கள் இழந்ததைச் சொல்கிறார்கள். அவற்றை ஒரே வெள்ளத்தின் நினைவாக மாற்றினால் அந்த மக்களின் குரல் நமக்குக் கேட்காமல் போய்விடும்.

இனி, இஸ்ரவேலர் ஏன் இதை மறுபடி சொன்னார்கள் என்பதற்கு வருகிறேன். அத்ராஹசிஸ் கதையில் தேவர்கள் வெள்ளத்தை அனுப்பக் காரணம், மனிதர் பெருகிப் போட்ட இரைச்சல். என்லில் என்ற பெருந்தெய்வத்துக்குத் தூக்கம் கெட்டுப்போயிற்று. வெள்ளம் வந்ததும் தேவர்களே பயந்து, கில்காமேஷ் சொல்கிறபடி, நாய்களைப்போலச் சுவரோரம் சுருண்டு கிடக்கிறார்கள். படையலிட ஆளில்லாமல் பசி வேறு. உத்னபிஷ்டிம் பலி இட்டவுடன் ஈக்களைப்போல மொய்க்கிறார்கள். ஆதியாகமத்தில் காரணம் வேறு. "பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது." மனிதன் மனிதனுக்குச் செய்த வன்முறை அது, எபிரெயத்தில் "ஹமாஸ்". தேவன் அதைக் கண்டு மனம் நொந்தார் என்று எழுதியிருக்கிறது. ஏழையின் கூக்குரல் பெரியவரின் தூக்கத்தைக் கெடுக்கும் இரைச்சல் என்று நினைத்த பேரரசின் நடுவே, அடிமைகளாக உட்கார்ந்திருந்தவர்கள் அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாபிலோனியக் கதையில், மனிதர் இனி அதிகம் பெருகாதபடி தேவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். சில பெண்களுக்குக் குழந்தை பிறக்காது. தாயின் மடியிலிருந்து குழந்தையைப் பறித்துப்போக ஒரு பேயையும் வைக்கிறார்கள். அந்த நாட்டில் குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்குக் கிடைத்த பதில் இதுதான்: உன் பிள்ளை இறந்தது கூட்டத்தைக் குறைக்க. ஆதியாகமம் 9:1 அதற்கு நேர் எதிராக, "பலுகிப் பெருகுங்கள்" என்று நோவாவின் பிள்ளைகளை ஆசீர்வதிக்கிறது. எந்தக் குழந்தையும் அதிகப்படியில்லை.

இதற்காக ஒரு களிமண் பலகையைக்கூட நாம் மறைக்க வேண்டியதில்லை. பலகைகள் கிடைத்ததால்தான் இந்த வேறுபாடே நமக்குத் தெரிந்தது.

உங்கள் கணவர் நிச்சயம் கேட்பார்: "இயேசுவே நோவாவின் நாட்களைச் சொன்னாரே?" நியாயமான கேள்வி, பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். மத்தேயு 24இல் அவர் சொல்வது, ஜனங்கள் புசித்தும் குடித்தும் பெண்கொண்டும் கொடுத்தும் இருந்தார்கள், உணராதிருந்தார்கள் என்பது. கேட்டவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதையை எடுத்து, ஆயத்தமாயிருங்கள் என்கிறார். வண்டல் எத்தனை அடி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகுஸ்தீன், ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதும்போதே, வானத்தையும் பூமியையும் பற்றி நன்கு அறிந்த அவிசுவாசிகளின் முன்னால் வேதத்தின் பெயரால் தவறாகப் பேசி அவர்கள் நகைக்க இடம்கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தார். பிரளயத்தை அப்படியே வரலாறாக நம்பும் உத்தம கிறிஸ்தவர்கள் உண்டு, உங்கள் கணவரும் அவர்களில் ஒருவராகவே இருந்துவிடலாம். அதற்காக அவரோடு வழக்காடாதீர்கள். மகனின் விசுவாசத்தை இந்த ஒரே தராசில் நிறுக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

தம்பியிடமும் நான் ஒன்று சொன்னதாகச் சொல்லுங்கள். பாறையைப் பற்றி அவன் சொன்னது சரி. குடும்ப ஜெபத்தின் நடுவே, எல்லோர் முன்னும் அப்பாவை மடக்கிச் சொன்னது சரியில்லை. அப்பாவிடம் அவன் முதலில் போய்ப் பேசட்டும், வயதில் சிறியவன் இறங்கிப் போவதில் குறைவில்லை. ஆதியாகமத்தைப் படித்து முடித்த புத்தகமாக அவன் மூடிவைத்துவிடவும் வேண்டாம். பேழைக்கு எபிரெயத்தில் "தேபா" என்று பெயர். வேதாகமத்தில் அந்தச் சொல் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட பெட்டி. நம் தமிழ் வேதாகமம் இங்கே பேழை என்றும் அங்கே நாணற்பெட்டி என்றும் மொழிபெயர்த்ததால் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. ராஜா தண்ணீரில் போடச் சொன்ன குழந்தையை ஒரு பெண் பிசினும் கீலும் பூசிய பெட்டியில் வைத்து அதே தண்ணீரில் காப்பாற்றினாள். அதுவும் ஒரு பேழை என்று எழுதியவர் வேண்டுமென்றே சொல்கிறார். இப்படிப்பட்டவை கல்லில் கிடைக்காது, மொழியில்தான் கிடைக்கும். தம்பிக்கு ஆர்வமிருந்தால் எபிரெய எழுத்துகளை நானே அஞ்சலில் கற்பிக்கிறேன்.

வகுப்பில் என்ன செய்வீர்கள்? ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம், "மிக மிகப் பழைய காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் கதை இது" என்று தொடங்குங்கள். அதில் பொய்யும் இல்லை, அவர்கள் வயதுக்கு மீறியதும் இல்லை. யாராவது ஒரு பிள்ளை "டீச்சர், இது நிஜமா நடந்ததா?" என்று கேட்டால் அதட்டிவிடாதீர்கள். "பெரிய பெரிய வெள்ளங்கள் நிஜமாக வந்தன. அவற்றை நினைத்து, கடவுள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல இந்தக் கதையைச் சொன்னார்கள்" என்று சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புறாவையும் காகத்தையும் பாபிலோன் பலகையையும் சேர்த்தே சொல்லலாம், ஆவலாகக் கேட்பார்கள். விலங்குகள் ஜோடியாக ஏறும் படத்தோடு நிறுத்திவிடாமல், கடைசிக் காட்சிக்கு அதிக நேரம் கொடுங்கள். "என் வில்லை மேகத்தில் வைத்தேன்" என்ற வசனத்தில் வரும் எபிரெயச் சொல், போரில் எய்யும் வில்லுக்கும் உரியது. தேவன் தம் போர்வில்லைக் கழற்றி மேகத்தில் மாட்டிவிட்டார். நம் பிள்ளைகளுக்கு வானவில் என்று சொன்னாலே வில் கையில் இருக்கிறது. வரையச் சொல்லிப் பாருங்கள்.

சிப்பியின் முதல் படத்தில், வெளிப்பக்கம் கீழ்விளிம்பில், விரல்நகம் அளவுக்கு ஏதோ ஒட்டியிருப்பதுபோல் தெரிகிறது. குட்டிச் சிப்பி ஒன்று பெரியதன் முதுகில் வளர்ந்ததாக இருக்கலாம். நிழல் விழுந்திருப்பதால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தம்பியிடம் பூதக்கண்ணாடி இருக்கும், எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டால் விளிம்பு தெளிவாகத் தெரியும். படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.